கைகோத்த நான்கு பிள்ளைகளும் ஈப்போ மணிக்கூண்டும்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், நம் பள்ளிகளில் மணிலா அட்டைக்கும் பசைக்கும் கிராக்கி வந்துவிடும். மெர்டேக்கா மாதம், மலேசிய தினம், ஒற்றுமை வாரம் என்று பலகைகள் வரிசையாக எழும்பும். பெரும்பாலான பலகைகளின் நடுவில் ஒரே படம்தான்: சொங்கோக் போட்ட பையன், சியோங்சாம் போட்ட பெண், பாவாடை சட்டையும் பொட்டுமாக ஒரு பெண், இறகு செருகிய தலையணியோடு ஒரு போர்னியோ பையன். நால்வரும் கைகோத்துச் சிரிப்பார்கள். மேலே பொலிஸ்தரினில் வெட்டி ஒட்டிய ‘ஒற்றுமையே பலம்’. இரண்டாவது நாளே ஒரு புள்ளி கழன்று விழுந்து ‘ஒறறுமை’ ஆகியிருக்கும். அது வேறு விஷயம்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். கண்ணைக் கவரவில்லை என்று சொல்ல முடியாது. வண்ணம் இருக்கிறது, மினுமினுப்புத் தாள் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பலகை மாட்டி ஒரு வாரம் ஆனதும், தினமும் அந்த வழியாகக் கெண்டீனுக்குப் போகிற மாணவர் ஒருவரை நிறுத்தி, “அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு?” என்று கேளுங்கள். “மெர்டேக்கா பலகை டீச்சர்” என்பார். அதற்குமேல் ஒன்றும் வராது. பார்த்திருக்கிறார், ஆனால் மனத்தில் எதுவும் தங்கவில்லை.

எஸ்.பி.எம். கட்டுரைத் தாள்களைத் திருத்துகிறவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். இன ஒற்றுமை பற்றிய கட்டுரை என்றால் பத்தில் எட்டு, ‘மலேசியா பல்லின மக்கள் வாழும் நாடு’ என்றுதான் தொடங்கும். தவறான வாக்கியம் இல்லை. ஆனாலும் திருத்துகிறவர் கண் அந்த வரியைத் தாண்டிய பிறகுதான் படிக்கவே ஆரம்பிக்கிறது. கைகோத்த பிள்ளைகளின் படம் அந்த முதல் வரியின் ஓவிய வடிவம். அடுத்த பத்தி அதில் வருவதே இல்லை.

இனத்தைப் பற்றிய ஒரு காட்சி முகங்களை எண்ணிக் காட்டுவதோடு நின்றால், சமூக நீதியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் என் கருத்து. யார் உழைத்தார், யார் முடிவெடுத்தார், யாருக்குக் கதவு அடைபட்டது? இதில் ஒன்றையாவது காட்டினால்தான் பார்க்கிறவர் அங்கே நிற்பார். இதைச் சோதித்துப் பார்க்க நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. புந்தோங்கிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால், இதே தலைப்பில் 1909இல் கட்டிய ஒரு காட்சி இன்னும் நிற்கிறது.

நீதி நிற்கும் மூலை

ஈப்போ பழைய நகரத்தில், ரயில் நிலையத்துக்கு அருகில், மாநிலப் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள பர்ச் நினைவு மணிக்கூண்டைத்தான் சொல்கிறேன். நம்மில் பலர் அதன் நிழலில் நின்று ரோஜாக் சாப்பிட்டிருப்போம், நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டோம். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச், 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். வரலாற்றுப் பாடத்தில் வருவதுதான். 34 ஆண்டுகள் கழித்து அவர் நினைவாக இந்தக் கூண்டு எழுந்தது. அப்போது பேராக்கின் ரெசிடெண்ட் யார் தெரியுமா? அவருடைய மகன் இ.டபிள்யூ. பர்ச். ஒரு பொதுக் காட்சியை மதிப்பிடும்போது நான் மாணவர்களைக் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, ‘இதை யார் வைத்தார்கள்?’ என்பது. இங்கே அதற்கான பதில் ரொம்பத் தெளிவாகவே கிடைத்துவிடுகிறது.

வடிவமைப்பு என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனமான வேலை. மணி பார்க்க யாரும் தலையைத் தூக்கத்தான் வேண்டும். தூக்கிய கண்ணுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார்கள். நான்கு மூலைகளில் நான்கு சிலைகள். விசுவாசம் வாளும் கேடயமும் பிடித்திருக்கிறது. நீதி கண்ணைக் கட்டிக்கொண்டு வாளும் தராசும் ஏந்துகிறது. பொறுமையிடம் ஆயுதம் இல்லை. மனவுறுதி ஈட்டியோடு நிற்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் நற்குணங்கள் இவை என்பது பொருள். சுற்றிலும் உள்ள பலகங்களில் மனித நாகரிகத்தின் வளர்ச்சி, 44 உருவங்களாக. மோசே இருக்கிறார், புத்தர் இருக்கிறார், ஷேக்ஸ்பியர் இருக்கிறார், டார்வினும் இருக்கிறார். எல்லா இனத்துப் பெரியவர்களும் நடந்து வந்து கடைசியில் சேர்கிற இடம் பிரிட்டிஷ் ஆட்சி என்பது போன்ற ஓர் அடுக்கு. பல்லினக் காட்சிதான் இதுவும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நம் கைகோத்த பிள்ளைகளுக்கு இது தாத்தா முறை வரும்.

இப்போது அந்த ‘நீதி’யை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூண்டு எழுந்தது 1909. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை மலாயாவுக்குக் கொண்டுவரும் முறை நிறுத்தப்பட்டது 1910. அதாவது, கண்ணைக் கட்டிய நீதி தராசைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற நாளில், கப்பல் செலவைக் கடனாகத் தலையில் ஏற்றி வந்த தமிழர்கள் இந்த மண்ணின் தோட்டங்களில் அந்தக் கடனுக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் நின்ற பிறகும் கங்காணி முறை தொடர்ந்தது. இந்த இரண்டு ஆண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வகுப்பில் நான் வேறொன்றும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், “அப்போ அந்தக் கண்கட்டு எதுக்கு டீச்சர்?” என்று கேட்பார். அதுதான் விமர்சனத்தின் தொடக்கம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பர்ச் வெறும் வில்லன் இல்லை. கடன் அடிமைகளாக இருந்து ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அவர். பெருந்தலைவர்களின் வரி வசூலிக்கும் உரிமையில் கை வைத்தவரும் அவரே. இரண்டும் சேர்ந்துதான் அவர்மேல் பகை வளர்ந்தது. மணிக்கூண்டு இதில் எதையும் சொல்லாது. நினைவுச் சின்னம் சிக்கலைத் தாங்காது, புகழ் மட்டும்தான் அதற்குத் தெரியும். தேர்வில் ‘நன்மை தீமைகளை ஆராய்க’ என்று கேட்டால் நாம் இரண்டு பக்கமும் எழுதுவோம் இல்லையா? அந்த அளவுக்குக்கூட இந்தக் கல் ஈடுகொடுக்கவில்லை.

பலகத்தின் 44 உருவங்களில் நபிகள் நாயகத்தின் உருவமும் இருந்தது. இஸ்லாத்தில் அவரை உருவமாக வரைவதில்லை. 1990களில் அந்த உருவம் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. மதத்தைப் பற்றிப் பேச இதை எடுக்கவில்லை. வடிவமைப்பில் உள்ள ஓட்டையைக் காட்ட எடுக்கிறேன். மலாய்க்காரர்கள் வாழும் மண்ணில், எல்லாரையும் மதித்துச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒரு காட்சியை அமைத்தவர்கள், சேர்க்கப்படுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நம் பள்ளிகளிலும் ‘போர்னியோ பையன்’ தலையில் கோழி இறகைச் செருகும்போது, அது எந்த இனத்தின் தலையணி, எப்போது அணிவார்கள் என்று யாரையாவது கேட்கிறோமா?

கூண்டை யாரும் இடிக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. மணிக்கூண்டு நிற்கும் தெருவின் பெயர் ஜாலான் டத்தோ சாகோர். பழைய நகரத்தில் ஜாலான் டத்தோ மகாராஜா லேலாவும் இருக்கிறது. பர்ச் கொலைக்காக 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்கள் இவை. கொல்லப்பட்டவரின் நினைவுச் சின்னத்துக்குப் போக வேண்டுமென்றால், அந்தக் கொலைக்காகத் தூக்கில் ஏறியவரின் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும்! ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல், ஒரு தெருப்பலகை அந்தக் கோபுரத்தின் பொருளைத் திருப்பிவிட்டது. ஈப்போவில் உள்ள பொதுக் காட்சிகளில் என் ஓட்டு இந்தத் தெருப்பலகைக்குத்தான். 2014இல் ஒரு கோப்பி நிறுவனத்தின் ஆதரவோடு எர்னஸ்ட் ஸச்சாரெவிச் வரைந்த சுவரோவியங்களைப் பார்க்கத்தான் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். காகித விமானத்தில் பிள்ளைகள், கோப்பி குடிக்கும் கிழவர்... அழகான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவர்கள் நம்மைப் பக்கத்தில் நின்று படம் எடுக்கத்தான் அழைக்கின்றன.

சேர்ப்பதா, மறைப்பதா

தெருப்பலகை செய்ததைச் சிங்கப்பூரில் சிலைகளை வைத்தே செய்து பார்த்தார்கள். ராஃபிள்ஸ் வந்திறங்கிய 200ஆம் ஆண்டு, 2019. அந்த ஆண்டு பிறந்த கையோடு, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நிற்கும் ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை திடீரென்று காணாமல் போனது. தெங் காய் வெய் என்ற கலைஞர், பின்னால் தெரியும் உயர்ந்த கட்டடத்தின் நிறத்தையே சிலையின்மேல் பூசியிருந்தார். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் சிலை கட்டடத்தோடு கரைந்துவிடும். சில நாளில் வண்ணம் அகற்றப்பட்டு ராஃபிள்ஸ் திரும்பி வந்தார். ஆனால் தனியாக இல்லை. பக்கத்தில் சாங் நீல உத்தாமா, டான் தோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை என்று நால்வரின் சிலைகள். பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸோடு சிங்கப்பூர் போன தமிழ் வணிகர்தான் இந்த நாராயண பிள்ளை. அங்கே செங்கல் சூளை வைத்தவர், ஸ்ரீ மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவர்.

இரண்டு காட்சிகளில் எது உயர்ந்தது? வகுப்பில் கேட்டால் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டாவதற்குத்தான் கை தூக்குவார்கள். நம் ஆள் ஒருவர் ராஃபிள்ஸுக்குச் சமமாக நிற்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை, அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்க மாட்டேன். இருந்தாலும் என் தேர்வு முதலாவதுதான். காரணம் இது. நால்வரைச் சேர்த்த காட்சி, கொஞ்ச நேரத்தில் நம் மெர்டேக்கா பலகையாகிவிடுகிறது: மலாய், சீனம், இந்தியம், எல்லாருக்கும் ஒரு சிலை, கணக்குச் சரி. செங்கல் சூளையில் மண் மிதித்தவருக்குச் சிலை கிடையாது. கரைந்துபோன ராஃபிள்ஸோ வேறொரு கேள்வியைத் தூக்கிப் போடுகிறார். ‘இந்த ஆள் இல்லாவிட்டால் இந்த ஊர் இல்லையா?’ என்ற அந்தக் கேள்விக்குப் பார்க்கிறவர்தான் பதில் தேட வேண்டும்.

அதே 2019 ஜூலையில் அதே ஊரில் இன்னொரு காட்சி வந்தது. மின்கட்டணச் சேவை ஒன்றின் விளம்பரம். எல்லாருக்குமான சேவை என்று காட்ட, சீன நடிகர் ஒருவரையே பல வேடங்களில் நிறுத்தியிருந்தார்கள். துடோங் அணிந்த பெண்ணும் அவரே, முகத்தில் கருமை ஏற்றிய இந்தியரும் அவரே. அந்த இந்தியரின் சட்டையில் ‘கே. முத்துசாமி’ என்று பெயர்ப்பட்டை வேறு. எதிர்ப்பு கிளம்பியதும் விளம்பரத்தை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். நம் நாட்டிலும் 2017இல் வாட்சன்ஸ் கடையின் நோன்புப் பெருநாள் காணொளியில் ஒரு பெண்ணின் முகத்தில் கருமை பூசி, அதைக் கழுவியதும் அழகி ஆக்கிக் காட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். முத்துசாமி விளம்பரத்தில் வண்ணமும் அமைப்பும் கச்சிதம். கண்ணைக் கவரும் பாடத்தில் முழு மதிப்பெண் போடலாம். பல இனங்கள் தெரிகின்றன, ஆனால் சம்பளம் வாங்கியது ஒருவர்தான். ‘யாருக்கு வேலை கிடைத்தது?’ என்ற ஒரே கேள்வியில் அது விழுந்துவிடுகிறது.

மூன்று நிமிட இலக்கணம்

நல்ல காட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லாமல் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயம் இல்லை. நான் பார்த்த பலகைகளிலேயே வலுவானதில் படமே கிடையாது. 1968 பிப்ரவரி, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர் இருவர் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர்வலத்தில் எல்லார் கையிலும் ஒரே அட்டை, வெள்ளையில் கறுப்பு எழுத்து: ‘ஐ ஏம் எ மேன்’. ‘ஏம்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் தேதி அதே ஊரில் சுடப்பட்டார்.

புந்தோங்கில் இதைப் பாடமாக நடத்துவதற்குக் காரணம் உண்டு. இந்திய வாக்காளர் விழுக்காடு மிக அதிகமான சட்டமன்றத் தொகுதிகளில் நம்முடையதும் ஒன்று. நகராண்மையில் கூட்டிப் பெருக்கியவர்கள், ரயில்வேயில் உழைத்தவர்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று நம் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் பட்டியல் நீளும். ‘இதைத் தமிழில் எழுது’ என்று சொன்னால் பெரும்பாலோர் எழுதுவது: ‘நானும் மனிதன்தான்’.

இங்கேதான் இலக்கணம் கைகொடுக்கிறது. ‘நானும்’ என்பதில் உள்ள உம்மை எச்ச உம்மை. மற்றவர்கள் மனிதர்கள் என்பது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம், என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கூடவே ஒரு ‘தான்’ வந்து, யாரோ மறுத்துவிட்டதற்குச் சமாதானம் சொல்வது போல ஆகிவிடுகிறது. குரல் கெஞ்சலாகிறது. மெம்ஃபிஸ் அட்டையில் கெஞ்சல் இல்லை. ஆகவே ‘நான் மனிதன்’ என்பதுதான் பொருத்தம். ஆனால் ஆங்கிலத்தில் கோடு போட்ட அந்த ‘ஏம்’ தமிழில் கிடையாது! நமக்கு இது பெயர்ப் பயனிலை, வினை தேவையில்லை. அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? ‘நான்’ என்பதன் கீழா, ‘மனிதன்’ என்பதன் கீழா? ஒரு வகுப்பு முழுக்க இதற்கே சண்டை போடலாம், போட்டிருக்கிறார்கள். ‘மனிதன்’ என்பதில் போட வேண்டும் என்பது என் பக்கம். அமெரிக்காவின் தெற்கில் வயது வந்த கறுப்பின ஆண்களைப் ‘பையா’ என்று கூப்பிடுவது வழக்கமாக இருந்தது. அதற்கான மறுப்புதான் அந்தச் சொல். தோட்டத்துத் துரைமார் தாத்தாவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னால், இந்த விவாதம் தானாகவே ஈப்போவுக்கு வந்து சேரும்.

ஒரு மாணவி மட்டும் கோடே வேண்டாம் என்றாள். ‘நான் மனுஷி’ என்று எழுதினாள். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று பார்த்தால் தேர்வுத் தாளில் மதிப்பெண் குறையலாம். பலகைக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கதவு

நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில், படிவம் நான்கு பிள்ளைகள் ஒற்றுமை வாரத்துக்கு ஒரு பலகை செய்தார்கள். பழுப்பு அட்டையில் ஒரு கதவு, ஆளுயரத்துக்கு. கதவின்மேல் சின்னதாக ஓர் அறை வாடகை அறிவிப்பு: வாடகை இவ்வளவு, தண்ணீர் மின்சாரம் உட்பட, கடைசி வரியில் ‘இந்தியர்களுக்கு இல்லை’. கதவின் கீழே உண்மையான பள்ளிக் காலணி ஒரு ஜோடி. தலைப்பு இல்லை, கொடி இல்லை. இணையத்தில் வாடகை வீடு தேடியவர்களுக்கு அந்தக் கடைசி வரி புதிதில்லை. ஓய்வு நேரத்தில் மலாய், சீன மாணவர்களும் வந்து நின்று படித்ததைப் பார்த்தேன். அறிவிப்பைப் படிக்கக் கிட்டே வர வேண்டும், கிட்டே வந்தால் காலணியை மிதிக்காமல் நிற்க வேண்டும். திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, அந்த அரை அடி இடைவெளி பிரமாதமாக வேலை செய்தது.

மூன்றாம் நாள் கதவைக் காணோம். ‘சென்சிட்டிவ்’ என்று ஒரு சொல் வந்தது. அதே இடத்தில் கைகோத்த பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. காலணியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பலகை குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். விமர்சகர் தன் பிள்ளைகளின் வேலையையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும். அந்தக் கதவில் அநியாயம் எல்லாம் வெளியிலிருந்து நமக்கு வருகிறது. நாம் யாருக்கு எதை மறுக்கிறோம் என்ற கேள்வி அதில் இல்லை. நம் தாமானில் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிற வீட்டுக்காரர்களில் தமிழர்களும் உண்டு. கல்யாணப் பேச்சில் ‘நம்ம ஆளுங்களா?’ என்று தாழ்ந்த குரலில் கேட்பது எதைப் பற்றி என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கதவைத் திறக்கும்படி அமைத்து, உள்பக்கத்தில் தமிழில் எழுதிய இன்னோர் அறிவிப்பை ஒட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். ‘சென்சிட்டிவ்’ என்ற சொல்லுக்கும் அது பதிலாக இருந்திருக்கும்: யாரையும் குத்திக்காட்டவில்லை, எல்லாரும் ஒரே கதவின் இரண்டு பக்கத்தில் நிற்கிறோம் என்று நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லலாம். அனுமதி கேட்கும்போதே இந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பது நல்லது. பலகையைக் காப்பாற்றுவதும் வடிவமைப்பில் ஒரு பகுதிதான்.

இந்த ஆண்டுப் பலகைக்கு

சில கைவேலைக் குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடியிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நம் எழுத்தில் மேல் விலங்கும் கீழ்ச்சுழியும் இருப்பதால் நான் ஒன்றரை அங்குலம் வைப்பேன். மினுமினுப்புத் தாளில் தமிழ் எழுத்தை வெட்டாதீர்கள், ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் கண்ணாடி மாதிரி மின்னும். மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கறுப்பு போதும். பெரிய வாசகம் ஐந்து சொல்லுக்கு மேல் போக வேண்டாம். விவரம் கிட்டே வந்து படிக்கிற சின்ன எழுத்தில் இருக்கட்டும். நம் பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். தலைமையாசிரியர் உயரத்துக்கு மாட்டுவது ஏனோ நமக்குப் பழகிப்போச்சு.

என்ன வைப்பது என்றால், புந்தோங்கிலேயே கிடக்கிறது. ஊர் முழுக்கப் பேர்போன கச்சான் பூத்தே இருக்கிறதே. சுற்றுப்பயணி வாங்குகிற ஒரு பொட்டலத்தைப் பலகையின் நடுவில் ஒட்டுங்கள். பக்கத்தில் கடலையை ஊறவைத்தவர், வறுத்தவர், பொட்டலம் கட்டியவர், மோட்டாரில் ஏற்றிப் போய் விற்றவர் என்று ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். இன அடையாளம் எதுவும் போட வேண்டாம், மணியே பேசும். அல்லது ஒரு துடைப்பம், அதன் கீழே ஓர் எண்: அந்தத் தெருவின் நீளம், மீட்டரில். மாணவர்களே அளந்து வரட்டும். பெயர் போடுவதானால் அந்தக் குடும்பத்தைக் கேட்டுப் போடுங்கள். மணிக்கூண்டுக்காரர்கள் கேட்காமல் விட்ட வேலை அது.

எஸ்.பி.எம். எழுதும் மாணவர்கள் இதையே கட்டுரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். இன ஒற்றுமை பற்றி எழுதச் சொன்னால், ‘பல்லின மக்கள் வாழும் நாடு’ என்ற வரியை விட்டுவிட்டு டத்தோ சாகோர் தெருவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 1909, 1910 என்ற இரண்டு ஆண்டுகளை வைத்தே ஒரு கருத்தை விளக்கி, எடுத்துக்காட்டுக் காட்டி, எதிர்க்கருத்துக்கும் (பர்ச் அடைக்கலம் கொடுத்தது) இடம் விட்டு, ஒரு முழுப் பத்தி எழுத முடியும்.

வகுப்பை மணிக்கூண்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை வேண்டாம், எதிரே தொழுகைக்குக் கூட்டம் இருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. காலை பத்துக்கு முன்னால் போய்விட்டால் ஏறுவெயிலுக்குத் தப்பலாம். முதலில் தெருப்பலகையைக் காட்டுங்கள், பிறகு கூண்டைச் சுற்றிவரச் சொல்லுங்கள். நான்கு மூலையில் எது நீதி என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.